முதல் லிங்கம் எது?

22 அக்டோபர் 2007, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆயுத பூஜை லீவு முடிந்து ஆபீஸ். கம்ப்யூட்டர் மூடியில் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்கிறது. பொரி பொட்டலம் எல்லார் மேஜையிலும். என் மேஜையில் இருந்தது மட்டும் சின்னது. பிரித்துக் கொடுத்தது யார் என்று விசாரிக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் செல்லுக்கு ஒரு போன். மெட்ராஸ் நம்பர். கிரெடிட் கார்டு செக்‌ஷனிலிருந்து பேசுகிறானாம். ஒழுங்காகக் கட்டுகிற கஸ்டமர் என்பதால் என் கார்டு வட்டியைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்களாம். கார்டு நம்பரும் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் சொன்னால் போதுமாம், மீதியை அவனே பார்த்துக்கொள்வானாம். எனக்கு நல்லது செய்யவென்றே ஒருத்தன் மெட்ராஸில் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்!

எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். உடனே குரல் குழைந்தது.

"திருவண்ணாமலையா மேடம்? நான் மாசா மாசம் பௌர்ணமிக்கு அங்க கிரிவலம் வர்றவன். உங்க ஊர்க்காரங்ககிட்ட பொய் சொல்வனா?"

"அப்படியா. முதல் லிங்கம் எது, சொல்லு பாக்கலாம்."

"அக்னி லிங்கம், மேடம்."

மாட்டினான். வாங்கு வாங்கென்று வாங்கினேன். இந்திர லிங்கம்தான் முதல், அது கிழக்கில் கடைகளுக்கு நடுவில் இருப்பதால் வெளியூர் ஆட்கள் பார்க்காமலேயே தாண்டிப் போய்விடுவார்கள், அப்புறம் அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம் என்று வரிசையாகச் சொன்னேன். அதோடு விடவில்லை.

"அதுவும் கோயில் வாசல்ல ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான். ஆசிரமத்துப் பக்கம் நாங்கல்லாம் வீட்டு வாசல்லயே கிளம்பி வீட்டு வாசல்லயே முடிக்கிறவங்க. எங்களுக்கு எமன்கிட்ட ஆரம்பம், அக்னிகிட்ட முடிவு. தெரிஞ்சிக்கோ."

கார்டு என் கையில் இல்லை, என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, தைரியம் இருந்தால் செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டருக்கு நேரில் வந்து பிடுங்கிக்கொண்டு போ என்றும் சொன்னேன். எதிர் சீட் கலைவாணி சிரிப்பை அடக்க முடியாமல் தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டாள்.

கடைசியில் "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று வேறு சொல்லிவிட்டு வைத்தான். திட்டு வாங்கினவன் தேங்க்ஸ் சொல்வானா? திமிர்.

23 செவ்வாய்

வானம் மூடியே இருக்கிறது. நேற்றைய கதையை செக்‌ஷன் முழுக்க கேட்டாகிவிட்டது. சூப்பரின்டென்டென்ட் கூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இனிமேல் இப்படி யார் கூப்பிட்டாலும் லிங்கம் கேட்பது என்று எல்லாரும் முடிவு. கலைவாணி: "அக்கா, நீங்க சிஐடில இருக்க வேண்டியவங்க, தப்பா இங்க வந்துட்டீங்க."

வீட்டில் அவரிடமும் யார் கூப்பிட்டாலும் லிங்கம் கேட்கும்படி மட்டும் சொல்லி வைத்தேன். அவருக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கடைக்கு வரும் எல்லாரையும் நம்புகிறவர். மாதக்கணக்கில் வந்து மெயில் பார்த்த ஒரு வெள்ளைக்காரன் ரிஷிகேஷ் போய் வந்து பாக்கியைத் தருகிறேன் என்று போனவன் போனவன்தான். அவன் நல்லவன், வழியில் ஏதோ ஆகியிருக்கும் என்று இன்னும் கவலைப்படுகிறார்.

அந்தக் கார்டு என் சம்பளத்தைக் காட்டி வாங்கியது. கடைக்கு இன்வர்ட்டர் வாங்கினோம், அதன் வட்டியே ஓயவில்லை. மீதி லிமிட்டைத் தொடாமல் வைத்திருக்கிறோம், வேங்கிக்கால் வீட்டின் தளத்துக்காக. சுவர் எழும்பி நிற்கிறது, மேலே ஆகாசம். தளம் போட்டால்தான் ஹவுசிங் லோனில் அடுத்த தவணை வருமாம். தளம் போடப் பணம் வேண்டும், பணம் வரத் தளம் வேண்டும். அதற்குத்தான் கார்டு. கம்பி, சிமெண்ட் இரண்டும் அதில்.

இந்த வாடகை வீட்டு ஓனர் கார்த்திகை தீபத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். சீசனில் வெளிநாட்டுக்காரர்கள் நாங்கள் தருவதைப் போல இரண்டு மடங்கு தருகிறார்களாம். தன் அக்கா பையன் குடிவருகிறான் என்று எங்களிடம் சொன்னார். அக்கா பையன் துபாயில் இருப்பது எனக்குத் தெரியாதா?

25 வியாழன். பௌர்ணமி

மழை விட்டது. தெருவில் இறங்க முடியாத கூட்டம். பால் பூத்தில் பால் இல்லை. ஆட்டோக்காரர்கள் இன்று ராஜாக்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வாசலிலிருந்தே கிளம்பினோம். எம லிங்கத்தில் விபூதி வாங்கிப் பொட்டலம் கட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது பக்திக்காக மட்டும் இல்லை. அவர் வழியெல்லாம் யார் யாருடனோ பேச்சு. சேலத்துக்காரர் ஒருத்தரிடம் வீடு கட்டுவதை, ஓனர் காலி செய்யச் சொன்னதை எல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். கையைக் கிள்ளினேன். "அவரு என்னம்மா பண்ணப் போறாரு, சாமி கும்பிட வந்தவரு" என்கிறார்.

குபேர லிங்கம் தாண்டும்போது என் செல். இந்தத் தடவை ஒரு பெண் குரல், அதே வட்டிக் குறைப்பு. முதல் லிங்கம் எது என்றேன். "சாரி மேடம், என்ன கேக்கறீங்க?" கட். என் பரீட்சை வேலை செய்கிறது.

அக்னி லிங்கத்தில் தளத்துக்காக வேண்டிக்கொண்டேன். மழைக்கு முன்னால் ஒரு கூரை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

29 திங்கள்

பர்மிஷன் போட்டு மத்தியானம் சைட்டுக்கு. ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்தான். ஏழுமலை மேஸ்திரி சுவர் மேல் உட்கார்ந்து பீடி. சிமெண்ட் மூட்டை ஒன்று வாய் பிரிந்து கிடந்தது. எலி என்றார். சிமெண்ட் தின்கிற எலியை நான் பார்த்ததில்லை.

மேஸ்திரி சொன்னது: "தீபாவளி முடிஞ்சதும் தளம் போட்டுடலாம்மா. ஆளு, மிஷினு எல்லாம் சொல்லிட்டேன். நீங்க கம்பிய மட்டும் எறக்குங்க. தள்ளிப் போட்டா அடை மழையில மாட்டிப்போம், அப்பறம் தை மாசந்தான்."

வாங்க வேண்டியவை: கம்பி (மேஸ்திரி சொன்ன அளவு, நான் சரிபார்த்த அளவு, இரண்டும் வேறு). கட்டுக் கம்பி. சிமெண்ட். ஜல்லி கடன் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நல்ல நாள். கார்டு மிஷின் வைத்திருக்கிற கம்பிக் கடை ஊரில் ஒன்றுதான் தெரியும், அங்கேயே.

31 புதன்

வெயில். துணி காய்ந்தது.

அவர் நடவடிக்கை சரியில்லை. காரணமில்லாமல் பாட்டு முணுமுணுக்கிறார். நான் வந்தால் நிறுத்துகிறார். காபி போட்டுக் கொடுத்தார், கேட்காமலே. "வட்டி வட்டின்னு பொலம்பறியே, எல்லாம் கம்மி ஆயிடும் பாரு" என்றார். எப்படி என்றேன். சும்மா சொன்னேன் என்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.

யாருக்கோ கைமாற்று கொடுத்திருக்கிறார். இல்லையென்றால் தீபாவளிச் சீட்டு எதிலோ சேர்ந்திருக்கிறார். சட்டைப் பையைப் பார்த்தேன். பஸ் டிக்கெட், சுருங்கிய துளசி. ஒன்றும் இல்லாததுதான் இன்னும் சந்தேகம்.

இந்த டைரியை அரிசி டிரம்முக்கு மாற்றியிருக்கிறேன்.

2 நவம்பர், வெள்ளி

இன்றே எழுதி முடித்துவிட வேண்டும்.

கம்பிக் கடை. லாரியில் கம்பி ஏற்றியாகிவிட்டது. கடைக்காரர் கார்டைத் தேய்த்தார். டிக்ளைன். துணியில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். அதேதான். லைன் சரியில்லையோ என்று அவரே எங்களுக்காகச் சமாதானம் சொன்னார். நான் வாசலுக்கு வந்து கார்டுக்குப் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். பாட்டு, பாட்டு, பாட்டு. அப்புறம் ஒரு பெண். லிமிட் முழுக்க முடிந்துவிட்டதாம். புதன், வியாழன் இரண்டு நாளில். பம்பாயில் செல்போன் கடை, நகைக் கடை, விமான டிக்கெட். நாங்கள் பஸ்ஸில் வேலூர் தாண்டியது எப்போது?

திரும்பிப் பார்த்தால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து. அப்போதே புரிந்தது.

செவ்வாய்க்கிழமை பிரவுசிங் சென்டர் போனுக்கு அவன் கூப்பிட்டிருக்கிறான். எல்லாம் சொல்லியிருக்கிறார். நம்பர், தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், என் பிறந்த நாள் முதற்கொண்டு. தீபாவளிக்கு வட்டி குறைந்த ஸ்டேட்மென்ட்டைக் காட்டி என்னை அசத்த நினைத்தாராம். அதற்குத்தான் அந்தப் பாட்டும் காபியும்.

கடைக்காரர் முன்னாலேயே கத்தினேன். லாரி டிரைவர் கூட இறங்கி வந்து பார்த்தான். லிங்கம் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டேம்மா. சரியா சொன்னான்."

பொய். கேட்டிருந்தால் மாட்டியிருப்பான். ஏமாந்தது போதாது என்று பொய் வேறு. அதையும் சொன்னேன். கம்பியை இறக்கிவிட்டார்கள். கல்லின் மேல் கம்பி விழுகிற சத்தம் இன்னும் காதில்.

3 சனி

மழை ஆரம்பம். கார்டை பிளாக் செய்தாகிவிட்டது. பாங்கில் எழுதிக் கொடுத்தோம். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு இடத்திலும் கேட்ட கேள்வி ஒன்றே: நம்பரைச் சொன்னது யார்? அவர் ஒவ்வொரு தடவையும் "நான்தான் சார்" என்று எழுந்து நின்று சொன்னார், ஸ்கூல் பையன் மாதிரி. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. விசாரிக்க நாளாகும், அதுவரை வட்டி ஓடும்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. என் கார்டு, என் செல் நம்பர். அவனுக்குக் கடை நம்பர் எப்படித் தெரியும்? கார்டு அவரிடம் இருப்பது எப்படித் தெரியும்?

யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கார்டு ஏஜென்ட்டை ஆபீஸுக்கு அழைத்து வந்தது யார்? கலைவாணி. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது யார்? கலைவாணி. அவள் புது ஸ்கூட்டி எப்படி வாங்கினாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

5 திங்கள்

கேட்டுவிட்டேன். எல்லார் முன்னாலும்.

கலைவாணி முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு: "அக்கா, அதே ஆளுகிட்டதான் நானும் கார்டு வாங்கினேன். வீட்டுக்காரர் இல்லாதவ நான், எனக்கு எது போனாலும் கேக்க நாதி இல்ல. நானா பண்ணுவேன்?" டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டாள்.

நடிப்பா என்று தெரியவில்லை. நன்றாக அழுகிறவர்களை நான் நம்புவதில்லை.

8 வியாழன். தீபாவளி

அடை மழை. மத்தாப்பு நமுத்துப்போய்ச் சீறி அணைந்தது. புதுத்துணி எடுக்கவில்லை. எண்ணெய் வைத்துக் குளித்தோம், அவ்வளவுதான். ஓனர் சம்சாரம் அதிரசம் கொடுத்தனுப்பினாள். எப்போது காலி என்று கேட்கவும் சொல்லியனுப்பினாளாம்.

அவர் மத்தியானம் குடை பிடித்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போய்விட்டு வந்தார். ஹாலில் முழங்கால் தண்ணீராம். பக்கெட்டால் இறைத்துவிட்டு வந்திருக்கிறார். நாளை மறுபடி நிறையும். சொன்னேன். "தெரியும்" என்றார். இப்போதெல்லாம் ஒற்றை வார்த்தைதான்.

தளம் தைக்குப் போய்விட்டது. மேஸ்திரி ஒரு வழி சொன்னார்: பின் ரூமுக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக்கொண்டு குடிவந்துவிடலாம். என் வளையல் இரண்டு சேட்டுக் கடைக்குப் போகிறது.

12 திங்கள்

தூறல். கலைவாணி ஒரு வாரமாக என் பக்கம் பார்ப்பதில்லை. இன்று மூன்று மணிக்கு மேஜை அருகில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துப் பேசினாள்.

அவளுக்கும் போன் வந்ததாம், ஞாயிற்றுக்கிழமை. அவள் லிங்கம் கேட்பதற்கு முன்னாலேயே அவனே ஆரம்பித்துவிட்டானாம்.

"எட்டு லிங்கமும் வரிசையா சொல்றான்க்கா. இந்திர லிங்கம் கடைங்களுக்கு நடுவுல இருக்கும், வெளியூர்க்காரங்க பாக்காமலே தாண்டிப் போயிடுவாங்கன்றான். நீங்க என்னைக் கேட்ட அன்னைக்கே நான் கார்ட வெட்டிப் போட்டுட்டேன், அதனால பொழச்சேன். சொல்லணும்னு தோணிச்சி, சொல்லிட்டேன்."

போய்விட்டாள். பைல் திறந்தபடி இருந்தது. ஒரு வரி கூட ஏறவில்லை.

கடைகளுக்கு நடுவில். வெளியூர்க்காரர்கள் பார்க்காமலேயே. இது யார் பேச்சு?

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன், இந்தத் தடவை கத்தாமல். அன்றைக்கு லிங்கம் கேட்டபோது அவன் என்ன சொன்னான், அப்படியே சொல்லுங்கள். அவர் பிரவுசிங் சென்டர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"முதல் லிங்கம் இந்திரன், ஆனா உங்களுக்கு இல்லியே சார்னான். நீங்க ஆசிரமத்துப் பக்கம், வீட்டு வாசல்லயே கிளம்பறவங்க, உங்களுக்கு எமன்கிட்ட ஆரம்பம், அக்னிகிட்ட முடிவுன்னான். இந்தத் தெருவுல பொறந்து வளந்தவன் மாதிரி சொன்னாம்மா. நான் எப்படி சந்தேகப்படறது?"

குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. போய் அணைத்தேன். சாப்பாடு போட்டேன்.

13 செவ்வாய்

அவர் பொய் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பரீட்சையைத்தான் வைத்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்த பதிலைத்தான் அவன் சொல்லியிருக்கிறான். கேள்வித்தாளும் என்னுடையது, விடையும் என்னுடையது. அன்றைக்கு அந்த தேங்க்ஸ் எதற்கு என்று இப்போது தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று எல்லாரிடமும் சொன்னேன். லிங்கம் கேட்காதீர்கள், அவனுக்குத் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன், போனை வைத்துவிடுங்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கலைவாணி சீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு.

17 சனி

ஷீட் ஏறியது. மேஸ்திரி கூலியில் குறைத்துக்கொண்டார். ஏன் என்று சந்தேகப்பட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். பிறகு ஷீட்டை எண்ணிப் பார்த்தேன்.

அவரிடம் சொல்லவில்லை.

24 சனி. தீபம்

ஊருக்குள் நுழைய முடியாது. ஓனர் வீட்டு மாடியில் தீபம் பார்க்க ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று வசூல். நாங்கள் மத்தியானமே மீதிச் சாமானோடு வேங்கிக்காலுக்கு வந்துவிட்டோம். பின் ரூமில் அடுப்பு, இரண்டு பாய், அரிசி டிரம், சாமி படம்.

சாயங்காலம் ஹாலில் நின்றோம். தளம் இல்லாததால் மலை முழுதும் தெரிந்தது. ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏறியது. சுற்று வட்டாரமே அரோகரா போட்டது. அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்னாலதான் இப்படி ஆச்சி. நீயா இருந்தா மாட்டியிருக்க மாட்ட."

இதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை போனை, வரிசையாக லிங்கம் சொன்னதை, எமனை, அக்னியை, எல்லாவற்றையும். கோபப்படுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்று கூட நினைத்தேன். அவர் திட்டவில்லை. மலையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. நான் எல்லாரையும் பார்க்கிற பார்வை அது.

"வேற என்னல்லாம் சொன்ன?"

வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். உடனே சொன்னேன்.

இப்போது ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். மழை தட்டுகிறது. அவர் வெளியில் ஹாலில் நிற்கிறார், நனைந்துகொண்டு. அன்றைக்குப் போனில் அவனிடம் கார்டு என் கையில் இல்லை என்று சொன்னேன். வீட்டுக்காரரிடம் என்று சொன்னேன். செங்கம் ரோடு, பிரவுசிங் சென்டர் என்று சொன்னேன். போன் நம்பர் விசாரிக்கும் 197க்குப் போட்டுக் கேட்டால் கடை நம்பரைக் கொடுத்துவிடுவார்கள்.